வின்சென்ட் எச்.ஆர்.டி. விசையுந்து

வின்சென்ட் எச்.ஆர்.டி. என்பது 1928 முதல் 1955 வரை இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் உள்ள ஸ்டீவனேஜ் நகரில் தயாரிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் வகையாகும். விசையுந்து எனத் தமிழில் வழங்கும் இவ்வகை ஊர்திகளில், தன் காலத்தில் உலகிலேயே மிக வேகமாகச் செல்லும் விற்பனை வண்டி என்ற பெயரை இந்நிறுவனத்தின் பிளாக் ஷேடோ பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுமார் 11,000 வண்டிகள் மட்டுமே தயாரிக்கப்பட்டன. பெருந்தொழிற்சாலைகளுடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை ஆகும்.

தொழிற்சாலை மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் இவ்வண்டிகள் சாலைகளில் ஓடுகின்றன. இதற்கு முதன்மையான காரணம் அவற்றின் உரிமையாளர்கள் ஆவர். அவர்கள் ஒரு கழகமாகத் திரண்டு, வரைபடங்களைக் காத்து, உதிரிப்பாகங்களைத் தாங்களே செய்விக்கத் தொடங்கினர். வணிக அடிப்படையில் மறைந்துபோன ஒரு தயாரிப்பு எவ்வாறு பயன்பாட்டில் நீடிக்க முடியும் என்பதற்கு வின்சென்ட் ஒரு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

பெயர்க் காரணம்

எச்.ஆர்.டி. என்பது ஹோவர்ட் ரேமண்ட் டேவிஸ் என்பவரின் பெயரின் முதலெழுத்துகள் ஆகும். இவர் முதலாம் உலகப் போரில் வானோடியாகப் பணியாற்றியவர். 1917ஆம் ஆண்டில் இவரது வானூர்தி வீழ்த்தப்பட்டு, இவர் செருமானியரிடம் போர்க்கைதியானார். போருக்குப் பின் பந்தய வீரராகப் புகழ் பெற்றார். 1921இல் மாண் தீவில் நடைபெற்ற சீனியர் டி.டி. பந்தயத்தில், 500 கன செ.மீ. வண்டிகளுக்கு எதிராக 350 கன செ.மீ. ஏ.ஜே.எஸ். வண்டியை ஓட்டி வெற்றி பெற்றார்.

பிறர் செய்த வண்டிகளில் ஏற்பட்ட பழுதுகளால் சலிப்புற்ற டேவிஸ், 1924இல் உல்வர்காம்டன் நகரில் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தம் பெயர் தாங்கிய வண்டியில் மீண்டும் சீனியர் டி.டி. பந்தயத்தை வென்றார். ஆனால் பந்தய வெற்றிகள் இலாபமாக மாறவில்லை. 1928இன் தொடக்கத்தில் நிறுவனம் கலைக்கப்பட்டது. அதன் பெயர் கைமாறி, அதே ஆண்டில் பிலிப் வின்சென்டிடம் வந்து சேர்ந்தது.

பிலிப் வின்சென்ட்

பிலிப் கான்ராட் வின்சென்ட் 1908இல் பிறந்தார். இவரது குடும்பத்தினர் அர்கெந்தீனாவில் பெரிய மாட்டுப் பண்ணைகளை வைத்திருந்தனர். இவர் ஹாரோ பள்ளியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கல்வி கற்றார். மாணவராக இருந்தபோதே பின்சக்கரத்துக்கு வில் தாங்கி அமைப்பு ஒன்றை வடிவமைத்து, அதற்குக் காப்புரிமமும் பெற்றார். அக்காலத்தில் பெரும்பாலான விசையுந்துகளின் பின்சக்கரம் சட்டத்துடன் விறைப்பாகப் பிணைக்கப்பட்டிருந்தது. வில் தாங்கி பொருத்தினால் வண்டி வளைவுகளில் தள்ளாடும் என்ற அச்சம் வாங்குவோரிடம் நிலவியது. அறிமுகமற்ற ஓர் இளைஞரின் பெயரில் இத்தகைய வண்டி வந்தால் விற்பனையாகாது என்று கருதிய வின்சென்ட், பந்தயப் புகழ் கொண்ட எச்.ஆர்.டி. பெயரைக் குடும்பத்தின் நிதியுதவியுடன் வாங்கினார்.

1931இல் ஆத்திரேலியப் பொறியாளரான பில் இர்விங் நிறுவனத்தில் இணைந்தார். வின்சென்டின் துணிவான கருத்துகளை நடைமுறைக்கு ஏற்ற பாகங்களாக மாற்றியதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு. பிற்காலத்தில் ஜாக் பிரபாம் 1966ஆம் ஆண்டு பார்முலா 1 உலகப் பட்டத்தை வென்ற மகிழுந்தின் ரெப்கோ பொறியை வடிவமைத்தவரும் இர்விங்கே ஆவார்.

சொந்தப் பொறி உருவாதல்

தொடக்கத்தில் வின்சென்ட் வண்டிகளில் ஜே.ஏ.பி. போன்ற பிற நிறுவனங்களின் பொறிகளே பொருத்தப்பட்டன. 1934 டி.டி. பந்தயத்தில் கலந்துகொண்ட வின்சென்ட் வண்டிகள் யாவும் பொறிக் கோளாறினால் இடையிலேயே விலகின. இதன் பின்னர் வெளியாரின் பொறிகளை நம்புவதில்லை என வின்சென்டும் இர்விங்கும் முடிவு செய்தனர். சில மாதங்களிலேயே 499 கன செ.மீ. அளவுள்ள ஒற்றை உருளைப் பொறியை வடிவமைத்து, அதே ஆண்டின் இறுதியில் இலண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் காட்சிக்கு வைத்தனர். மீட்டியர், காமெட் ஆகிய வண்டிகளில் இப்பொறி இடம்பெற்றது.

1936இல் அடுத்த கட்டம் எட்டப்பட்டது. ஒற்றை உருளைப் பொறியின் இரு வரைபடங்கள் வரைபலகையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்ததைக் கண்ட இர்விங்கிற்கு, இரு உருளைகளை வி வடிவில் இணைக்கும் எண்ணம் தோன்றியதாகக் கூறப்படுகிறது. இவ்வாறு பிறந்த 998 கன செ.மீ. பொறியைக் கொண்ட வண்டியே ரேப்பிட் ஆகும். உருளைகள், வால்வுகள் போன்ற பல பாகங்கள் ஒற்றை உருளைப் பொறிக்கும் இதற்கும் பொதுவாக இருந்தன. இதனால் சிறிய தொழிற்சாலை ஒன்று புதிய அச்சுகளுக்குப் பெருஞ்செலவு செய்யாமலேயே இரு மடங்கு பெரிய பொறியைத் தயாரிக்க முடிந்தது.

வரிசைகள்

வின்சென்ட் வண்டிகள் நான்கு வரிசைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

ஏ வரிசை: போருக்கு முந்தையது. இதன் ரேப்பிட் வண்டியின் வெளிப்புறத்தில் எண்ணெய்க் குழாய்கள் பல ஓடியதால், குழாய் பழுதுபார்ப்பவரின் கொடுங்கனவு என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. பொறியின் விசையைத் தாங்கும் வலு கியர்பெட்டிக்கும் கிளட்சுக்கும் போதவில்லை. இவ்வகை ரேப்பிட் வண்டிகள் எண்பதுக்கும் குறைவாகவே செய்யப்பட்டன.

பி வரிசை: 1946இல் வெளிவந்தது. பொறியும் கியர்பெட்டியும் ஒரே வார்ப்பாக அமைக்கப்பட்டன. எண்ணெய்க் குழாய்கள் பெரும்பாலும் உள்ளே மறைந்தன. ரேப்பிட் வண்டி 45 குதிரைத்திறனுடன் மணிக்கு 110 மைல், அதாவது சுமார் 177 கி.மீ. வேகத்தை எட்டியது. 1948இல் வந்த பிளாக் ஷேடோ 55 குதிரைத்திறனுடன் மணிக்கு 125 மைல், அதாவது சுமார் 201 கி.மீ. வேகம் சென்றது. இதன் பொறி கருநிற எனாமல் பூச்சுப் பெற்றிருந்தது. 5 அங்குல விட்டமுள்ள, மணிக்கு 150 மைல் வரை காட்டும் வேகமானி இதன் அடையாளமாகும்.

சி வரிசை: 1948 முதல் படிப்படியாக அறிமுகமானது. இதில் கர்ட்ராலிக் எனப்படும் புதிய முன்கவையும் நீர்ம அதிர்வுத் தணிப்பான்களும் சேர்க்கப்பட்டன. இவ்வரிசையின் காமெட் வண்டியில் பின் உருளை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உலோகத் தாங்கி மட்டும் இருக்கும். பந்தயத்துக்கான பிளாக் லைட்னிங்கும் ஒற்றை உருளைப் பந்தய வண்டியான கிரே பிளாஷும் இக்காலத்தவை.

டி வரிசை: 1954 இறுதியில் அறிவிக்கப்பட்டது. பிளாக் பிரின்ஸ், பிளாக் நைட் ஆகியவை கண்ணாடியிழை உறைகளால் முழுவதும் மூடப்பட்டிருந்தன. மழையிலும் சேற்றிலும் ஓட்டுநரின் உடை அழுக்காகாமல் காப்பது இதன் நோக்கமாகும்.

அமெரிக்கச் சந்தையில் எச்.ஆர்.டி. என்ற எழுத்துகள் ஹார்லி டேவிட்சனுடன் குழப்பத்தை ஏற்படுத்தியதால், 1949இலிருந்து அவை படிப்படியாகக் கைவிடப்பட்டன. அதன் பின் வின்சென்ட் என்ற பெயர் மட்டுமே பொறி மூடிகளில் இடம்பெற்றது.

பொறியியல் சிறப்புகள்

சட்டம்: பி வரிசை முதல் வழக்கமான குழாய்ச் சட்டம் இல்லை. பொறியே வண்டியின் முதுகெலும்பாகச் செயற்படுகிறது. பொறியின் மேல் பொருத்தப்பட்ட பெட்டி வடிவ உறுப்பு ஒன்று முன்கவையைத் தாங்குகிறது. அப்பெட்டியே எண்ணெய்த் தொட்டியாகவும் பயன்படுகிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் முக்கோணச் சட்டம் கியர்பெட்டியின் பின்புறத்தில் கீலில் அசைகிறது. அதன் வில்கள் இருக்கையின் அடியில் உள்ளன.

வால்வுகள்: வழக்கமான பொறிகளில் ஆட்டுநெம்பு வால்வுத் தண்டின் நுனியை அழுத்தும். வின்சென்டில் வால்வுத் தண்டின் இடைப்பகுதியில் ஒரு விளிம்பு உள்ளது. கவை வடிவ ஆட்டுநெம்பு அவ்விளிம்பை அழுத்துகிறது. விளிம்பின் மேலும் கீழும் இரு வழிகாட்டிகள் தண்டைப் பிடித்திருக்கின்றன. கேம் உயரத்தில் அமைந்திருப்பதால் உந்துதண்டுகள் குட்டையாகவும் இலேசாகவும் இருக்கின்றன. வால்வு வில்களும் வெப்பம் மிகுந்த பகுதியிலிருந்து விலகி நிற்கின்றன.

கிளட்சு: கைப்பிடியை விடும்போது முதலில் ஒரு சிறிய ஒற்றைத் தட்டுக் கிளட்சு பிடிக்கிறது. அதன் முறுக்குவிசை, பிரேக்கில் உள்ளதைப் போன்ற இரு கட்டைகளை ஓர் உருளியின் உட்சுவரில் விரித்து அழுத்துகிறது. பொறி தரும் விசை கூடும்போது பிடியும் கூடுகிறது. ஆகவே கைப்பிடி இலேசாக இருந்தாலும் கிளட்சு நழுவுவதில்லை. ஆனால் எண்ணெய் கசிந்து உள்ளே புகுந்தால் இது சீராகச் செயற்படாது.

பராமரிப்பு: ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு டிரம் பிரேக்குகள் உள்ளன. கையால் திருகக்கூடிய குறுக்குத் தண்டுகள் அச்சில் இருப்பதால், கருவிகள் இன்றியே சக்கரத்தைக் கழற்றலாம். பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களைப் பொருத்திக்கொள்ளலாம். பக்கவண்டி இணைக்க வேண்டியிருந்தால் சக்கரத்தைத் திருப்பி மாட்டுவதன் மூலம் கியர் விகிதத்தை மாற்ற முடியும். வண்டியை நெடுங்காலம் வைத்திருந்து தானே பழுதுபார்த்துக்கொள்ளும் ஓட்டுநரை மனத்திற்கொண்டு இவை வடிவமைக்கப்பட்டன. பிற்கால ஆர்வலர்களுக்கு இப்பண்பு பெரிதும் உதவியது.

சாதனைகள்

1948 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பானவில் உப்புச் சமவெளியில் ரோலி பிரீ என்பவர் மணிக்கு 150.313 மைல், அதாவது சுமார் 242 கி.மீ. வேகத்தில் வின்சென்ட் வண்டியை ஓட்டி அமெரிக்கச் சாதனை படைத்தார். முந்தைய ஓட்டத்தில் 150 மைலை எட்டமுடியாததால், காற்றின் தடையைக் குறைக்கத் தோலுடையைக் களைந்து, நீச்சலுடையுடன் வண்டியின் மீது குப்புறப் படுத்து ஓட்டினார். அப்போது எடுக்கப்பட்ட ஒளிப்படம் விசையுந்து வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட படங்களுள் ஒன்றாகும்.

1955 சூலை 2 அன்று நியூசிலாந்தில் ரசல் ரைட் மணிக்கு 185.15 மைல், அதாவது சுமார் 298 கி.மீ. வேகத்தை எட்டி உலகச் சாதனை நிகழ்த்தினார். அதே நாளில் பாப் பர்ன்ஸ் பக்கவண்டிப் பிரிவில் சாதனை படைத்தார். பிற்காலத்தில் விசையுந்து, மகிழுந்து ஆகிய இரண்டிலும் உலகப் பட்டம் வென்ற ஒரே வீரரான ஜான் சர்டீஸ், இளமையில் ஸ்டீவனேஜ் தொழிற்சாலையில் பயிற்சியாளராகப் பணியாற்றியவர்.

தொழிற்சாலை மூடப்படுதல்

வின்சென்ட் வண்டிகள் பெருமளவு கைவேலையால் உருவானவை. எனவே உற்பத்திச் செலவு மிகுதியாக இருந்தது. 1947இல் சோதனை ஓட்டத்தின்போது நேர்ந்த விபத்தில் பிலிப் வின்சென்ட் பலத்த காயமுற்றார். 1949இல் நிதி நெருக்கடியால் நிறுவனம் கடன்மீட்பு அலுவலரின் பொறுப்பின் கீழ் வந்தது. மிதிவண்டிகளில் பொருத்தும் சிறு பொறியான பயர்பிளை, ஆளில்லா இலக்கு வானூர்திக்கான பொறி, நீரில் செல்லும் ஊர்தி எனப் பல முயற்சிகள் செய்யப்பட்டன. அவை போதிய வருவாயைத் தரவில்லை. டி வரிசைக்கான உறைகள் உரிய காலத்தில் கிடைக்காததும் இழப்பைக் கூட்டியது. 1955 டிசம்பர் 16 அன்று கடைசி வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. பிலிப் வின்சென்ட் 1979இல் காலமானார்.

உரிமையாளர் கழகம்

தொழிற்சாலை இயங்கிக்கொண்டிருந்த 1948ஆம் ஆண்டிலேயே வின்சென்ட் எச்.ஆர்.டி. உரிமையாளர் கழகம் தொடங்கப்பட்டது. எம்.பி.எச். என்ற இதழை இக்கழகம் வெளியிடுகிறது. உறுப்பினர் ஒருவர் தம் வண்டியில் கண்ட கோளாறும் அதைச் சரிசெய்த முறையும் இவ்விதழின் வழியாக மற்றவர்களைச் சென்றடைந்தன. தொழிற்சாலையின் பழுதுபார்ப்புப் பிரிவில் பணியாற்றிய பால் ரிச்சர்ட்சன் எழுதி 1955இல் வெளியான கையேடு, இன்றும் இவ்வண்டிகளைப் பிரித்துக் கோப்பவர்களுக்கு அடிப்படை நூலாக உள்ளது. கழகத்தின் கிளைகள் பல நாடுகளில் செயற்படுகின்றன.

தொழிற்சாலை மூடப்பட்ட பின் சிறிது காலம் மிச்சமிருந்த உதிரிப்பாகங்கள் விற்கப்பட்டன. அவை தீர்ந்துகொண்டே வந்தபோது, ஒரு பற்சக்கரமோ வால்வோ கிடைக்காமையால் முழு வண்டியும் முடங்கும் நிலை ஏற்பட்டது. அதுவரை நடைமுறையில் இருந்த வழி, ஒரு வண்டியைப் பிரித்து மற்றொன்றை ஓடவைப்பதாகும். இம்முறையில் ஒவ்வொரு பழுதும் ஓடக்கூடிய வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும்.

இதற்குத் தீர்வாக 1970களின் நடுப்பகுதியில் கழக உறுப்பினர்களின் முதலீட்டில் உதிரிப்பாக நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. பழைய வரைபடங்களின் அடிப்படையில் பாகங்களைப் புதிதாகச் செய்வித்து விற்பதே இதன் பணியாகும். ஒரே சமயத்தில் பல உறுப்பினர்களின் தேவையைத் தொகுத்துச் செய்வித்ததால், தனி ஒருவரால் தாங்க இயலாத அச்சுச் செலவு பலரிடையே பகிரப்பட்டது. சில பாகங்களில் முன்பிருந்த குறைகளும் திருத்தப்பட்டன. காலப்போக்கில் பாகங்களின் பட்டியல் மிக விரிவடைந்து, முற்றிலும் புதிய பாகங்களைக் கொண்டே ஒரு பிளாக் ஷேடோ வண்டியைக் கட்டிக் காட்டும் அளவுக்கு இம்முயற்சி வளர்ந்தது.

எண்களும் உண்மைத்தன்மையும்

புதிய பாகங்கள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் வேறொரு வினா எழுந்தது. எந்த அளவு வரை பாகங்கள் மாற்றப்பட்ட வண்டியைப் பழைய வண்டி என ஏற்கலாம் என்பதே அவ்வினா. இதற்கு விடை காண்பதில் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்கள் முக்கியப் பங்கு வகிக்கின்றன.

வின்சென்ட் வண்டியின் பொறியிலும், மேற்சட்டத்திலும், பின்சட்டத்திலும் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மேற்சட்ட எண்ணும் பின்சட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போருக்குப் பிந்தைய இரட்டை உருளை வண்டிகளில் பொதுவாகச் சட்ட எண்ணிலிருந்து 1900ஐக் கழித்தால் பொறி எண் கிடைக்கும். பொறி உறையின் இரு பாதிகளிலும் அவை ஒன்றாகக் கடையப்பட்டதைக் காட்டும் பொது எண் இருக்கும். இவை அனைத்தும் தொழிற்சாலைப் பதிவுகளுடன் பொருந்தினால், அவ்வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த முதன்மைப் பாகங்களுடன் உள்ளது எனக் கொள்ளப்படுகிறது. கழகத்தில் இப்பதிவுகளைப் பேணுவதற்கும் எண்களைச் சரிபார்ப்பதற்கும் பொறுப்பாளர் உள்ளார்.

இச்சரிபார்ப்பு பணமதிப்புடன் நேரடித் தொடர்பு கொண்டது. ரேப்பிட் வண்டியின் பொறியைக் கறுப்பாக்கிப் பெரிய வேகமானியைப் பொருத்தினால், அது பார்வைக்குப் பிளாக் ஷேடோ போலவே தோன்றும். உண்மையான ஷேடோ வண்டியில் உயர் அழுத்த விகிதம், மெருகேற்றிய இணைப்புத்தண்டுகள், பெரிய கார்புரேட்டர்கள், வரிகள் கொண்ட பிரேக் டிரம்கள் ஆகிய வேறுபாடுகளும் உண்டு. பொறி எண்ணின் முன்னொட்டும் வேறுபடும். விவரம் அறியாமல் வாங்குபவர் ரேப்பிட் வண்டிக்கு ஷேடோ வண்டியின் விலையைக் கொடுக்க நேரிடலாம்.

விலையும் பயன்பாடும்

பழைய வின்சென்ட் வண்டிகள் ஒரு காலத்தில் எளிய வருவாயுடைய இளைஞர்களும் வாங்கக்கூடிய பயன்படுத்தப்பட்ட வண்டிகளாக இருந்தன. பின்னர் அவை சேகரிப்பாளர்களின் கவனத்தைப் பெற்றன. 2018 சனவரியில் இலாசு வேகாசில் நடைபெற்ற ஏலத்தில், ஆத்திரேலிய வேகச் சாதனை படைத்த ஒரு பிளாக் லைட்னிங் 9,29,000 அமெரிக்க டாலருக்கு விலைபோனது. ஏலத்தில் ஒரு விசையுந்துக்கு அதுவரை கிடைத்த மிக உயர்ந்த விலை அதுவாகும். 2023இல் 1908ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ஹார்லி டேவிட்சன் வண்டி அதை முந்தியது.

விலை உயர்வால் நன்மையும் தீமையும் உண்டு. மதிப்பு உயர்ந்ததால் சிதைந்துகிடந்த வண்டிகளையும் செலவு செய்து சீரமைக்க உரிமையாளர்கள் முன்வந்தனர். அதே சமயம், முதலீடாக வாங்கப்பட்ட வண்டிகள் ஓட்டப்படாமல் காட்சிக்கூடங்களில் நின்றுவிடுகின்றன. ஓடும் வண்டிக்கே கிளட்சுக் கட்டைகளும் செயின்களும் தேவைப்படும். ஓட்டுபவர்கள் குறைந்தால் உதிரிப்பாகங்களின் தேவையும் குறையும். அவற்றைச் செய்விக்கும் செலவு ஒவ்வொருவருக்கும் கூடும். எனவே வண்டிகளை ஓட்டுவது ஆர்வலர்களுக்குப் பொழுதுபோக்காக இருப்பதோடு, உதிரிப்பாக ஏற்பாடு தொடர்ந்து இயங்குவதற்கும் இன்றியமையாததாகிறது.

மாற்றங்கள் செய்வது குறித்து ஆர்வலர்களிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. 6 வோல்ட் மின்னமைப்பை 12 வோல்டாக மாற்றுதல், மின் துவக்கி பொருத்துதல், சர்வோ கிளட்சுக்குப் பதிலாகப் பல தட்டுக் கிளட்சு அமைத்தல் ஆகியவை பரவலாகச் செய்யப்படுகின்றன. மூல வடிவம் மாறக்கூடாது என்போர் இவற்றை ஏற்பதில்லை. உதைத்துத் துவக்க வலுவற்ற முதியவர்களும் தொடர்ந்து ஓட்ட இவை உதவுகின்றன என்பது மற்றவர்களின் வாதமாகும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரிட்சு எக்லி 1967இல் வின்சென்ட் பொறிக்காகப் புதிய சட்டத்தையே உருவாக்கினார். எக்லி வின்சென்ட் எனப்படும் அவ்வண்டிகளும் இன்று சேகரிப்பாளர்களால் விரும்பி வாங்கப்படுகின்றன.

இன்றைய சிக்கல்கள்

பிரித்தானியாவில் 2021 செப்டம்பரில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வழக்கமான எரிபொருளாக அறிமுகப்படுத்தப்பட்டது. எத்தனால் பழைய இரப்பர் வளையங்களையும் தொட்டியின் உட்பூச்சுகளையும் அரிக்கக்கூடியது. ஈரத்தை உறிஞ்சுவதால் நெடுநாள் நிறுத்தி வைக்கப்படும் வண்டிகளில் துருவும் ஏற்படலாம். இதனால் உரிமையாளர்கள் எத்தனாலைத் தாங்கும் பாகங்களுக்கு மாறவேண்டியுள்ளது.

2018 மே மாதம் முதல் பிரித்தானியாவில் 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத ஊர்திகளுக்கு ஆண்டுதோறும் நடைபெறும் கட்டாயத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆயினும் வண்டியைப் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு உரிமையாளருடையதே ஆகும்.

வரைபடங்களில் அடங்காத அறிவும் உண்டு. வால்வு வழிகாட்டிகளை எந்த அளவு இறுக்கத்துடன் பொருத்துவது, கிளட்சுக்குள் எண்ணெய் புகாமல் தடுப்பது எப்படி, இடைவெளிகளைச் சரிசெய்யத் தகடுகளைத் தெரிவு செய்வது எப்படி என்பன போன்றவை செய்து பழகிய கைகளிடமே உள்ளன. தொழிற்சாலையில் பணியாற்றியோரின் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. கழக இதழின் பழைய தொகுப்புகளும், கையேடுகளும், மூத்த உறுப்பினர்கள் இளையோருக்குக் கற்பிக்கும் செய்முறைகளுமே இவ்வறிவு கைமாறும் வழிகளாக உள்ளன.

பண்பாட்டில்

பிரித்தானிய இசைக்கலைஞர் ரிச்சர்ட் தாம்சன் 1991இல் வெளியிட்ட பாடல் ஒன்று 1952ஆம் ஆண்டின் பிளாக் லைட்னிங் வண்டியைத் தலைப்பாகக் கொண்டது. அமெரிக்க எழுத்தாளர் ஹண்டர் தாம்சனின் எழுத்துகளில் பிளாக் ஷேடோ இடம்பெறுகிறது. வின்சென்ட் வண்டியை ஒருமுறையும் நேரில் கண்டிராத பலர் அதன் பெயரை அறிந்திருப்பதற்கு இப்படைப்புகளும் காரணமாகும்.